முட்டைக்கோழியா, இறைச்சிக்கோழியா? பொகவந்தலாவை வாசகி ஒருவருக்குப் பதில்

அன்புச் சகோதரிக்கு,

கொழும்பில் தையல் ஆலையில் வேலை செய்து திரும்பிய நீங்கள், பொகவந்தலாவைக்கு மேலேயுள்ள தோட்டமொன்றில் புதிதாகக் கிடைத்த ஏழு பேர்ச்சஸ் காணி வீட்டில் கணவரோடும் மாமியாரோடும் குடியிருப்பதாகவும், கையிலுள்ள சேமிப்பைக் கொண்டு கோழி வளர்ப்பைத் தொடங்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இறைச்சிக்கோழி வளர்த்தால் 40 நாளில் போட்ட பணம் இரட்டிப்பாகும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். முட்டைக்கோழிதான் வீட்டுக்கு ஏற்றது என்று மாமியார் சொல்கிறார். இருவரில் யார் சொல்வதைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் இடத்துக்கும் உங்கள் நிலைமைக்கும் முட்டைக்கோழியே பொருத்தமானது. அதையும் ஒரு நாள் வயதுக் குஞ்சாக வாங்காமல், 16 முதல் 18 வார வயதுள்ள, தடுப்பூசிகள் முறையாகப் போடப்பட்ட, இன்னும் முட்டையிடத் தொடங்காத விடைக்கோழிகளாக 50 மட்டும் வாங்கித் தொடங்குங்கள். முட்டையில் எப்போதும் இலாபம் அதிகம் என்பதனால் நான் இதைச் சொல்லவில்லை. சில காலங்களில் இறைச்சியில்தான் இலாபம் அதிகம். மலையின் உயரம், அதன் குளிர், தோட்டத்தில் பணம் புழங்கும் முறை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தே இந்த முடிவுக்கு வருகிறேன்.

உறவினர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. இன்று இலங்கையில் வளர்க்கப்படும் கொப் 500 போன்ற இறைச்சிக்கோழி இனங்களில், 40 கிராம் எடையோடு வரும் குஞ்சு ஏறக்குறைய 3.3 கிலோ தீவனத்தைத் தின்று 40 நாளில் 2 கிலோ எடைக்கு வந்துவிடுகிறது. ஆனால், இந்த வேகம்தான் மலையில் ஆபத்தாக மாறுகிறது. உடல் வேகமாக வளர வளர அதற்குத் தேவைப்படும் ஒட்சிசனும் கூடுகிறது. கோழியின் நுரையீரலோ உடலின் வேகத்துக்கு ஈடுகொடுத்து வளர்வதில்லை. உயர்நிலத் தேயிலை விளையும் 1200 மீற்றருக்கு மேற்பட்ட இடங்களில் காற்று அடர்த்தி குறைந்தது என்பதாலும், குளிரில் உடற்சூட்டைக் காக்க இன்னும் அதிக ஒட்சிசன் செலவாகிறது என்பதாலும், இதயத்தின் வலது பக்கம் அளவுக்கு மீறி உழைத்துப் பெருத்து, கடைசியில் தளர்ந்து, வயிற்றில் நீர் தேங்கிக் கோழி இறந்துபோகிறது. இந்நோய் ஆரம்ப காலத்தில் பொலிவியா போன்ற உயர்ந்த மலை நாடுகளிலேயே கவனத்துக்கு வந்தது. கொண்டை நீலம் பாய்ந்து, வயிறு உப்பி, மூச்சு வாங்கிக்கொண்டு ஒதுங்கி நிற்கும் கோழிகளைக் கண்டால் இதை நினைத்துக்கொள்ள வேண்டும். இதில் மிகவும் வருத்தத்துக்குரியது, இந்த இறப்பு பெரும்பாலும் நான்காம் வாரத்துக்குப் பின்னரே, அதாவது தீவனத்துக்கான பணத்தில் பெரும்பகுதியைச் செலவழித்து முடித்த பின்னரே வருகிறது என்பதுதான். மந்தையில் நன்றாகத் தின்று வேகமாக வளர்ந்த கோழிகளே முதலில் சாகின்றன.

இதைத் தடுக்க முடியாது என்றில்லை. முதல் மூன்று வாரம் குஞ்சுகளுக்குக் குளிர் படாமல் காக்க வேண்டும்; உருண்டைத் தீவனத்துக்குப் பதிலாகத் தூள் தீவனம் கொடுத்தும், இரவில் சில மணிநேரம் தீவனத்தை எடுத்து வைத்தும் ஆரம்ப வளர்ச்சியைச் சற்று மட்டுப்படுத்த வேண்டும்; குளிருக்குப் பயந்து கூட்டை முழுவதும் மூடிவிடாமல் மேற்பகுதியில் காற்றோட்டம் வைக்க வேண்டும். அனுபவமுள்ளவர் இதையெல்லாம் செய்வார். ஆனால், முதன்முதலாகக் கோழி வளர்ப்பவரிடம், வெப்பம் வெளியே போகாமலும் காற்று உள்ளே வராமல் போகாமலும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது நியாயமாகாது.

குஞ்சுக்குச் சூடு கொடுப்பது எவ்வளவு கடினமானது என்பதையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். ஒரு நாள் வயதுக் குஞ்சுக்கு அதன் உயரத்தில் 32 முதல் 35 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும்; பின்னர் வாரத்துக்கு மூன்று பாகையளவில் குறைத்து வரலாம். மார்கழி, தை மாதங்களில் உங்கள் பகுதியில் இரவு வெப்பம் 15 பாகைக்கும் கீழே இறங்குவதால், விடியும்வரை ஏறக்குறைய 20 பாகையை நீங்கள் செயற்கையாகக் கூட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். இப்போது கடைகளில் கிடைக்கும் எல்.ஈ.டி. மின்குமிழ்கள் வெளிச்சம் தருமே தவிரச் சூடு தரமாட்டா. கரிச்சட்டி வைப்பவர்கள் உண்டு. மூடிய கூட்டில் கரிப்புகை குஞ்சையும் கொல்லும், உள்ளே போகும் மனிதரையும் கொல்லும். பெருங்காற்றில் மின்சாரம் நின்றுபோனால், ஒரே இரவில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து மூச்சுத்திணறி இறந்துவிடும். இறைச்சிக்கோழி வளர்ப்பவர் ஒவ்வொரு தொகுதிக்கும் இந்தக் கட்டத்தைக் கடக்க வேண்டும். வளர்ந்த விடைக்கோழியை வாங்குபவருக்கு இந்தக் கட்டமே இல்லை.

அதே குளிர், வளர்ந்த முட்டைக்கோழிக்கு நன்மையாக அமைகிறது. முட்டையிடும் கோழிக்கு மிகவும் இதமான வெப்பம் 18 முதல் 24 பாகை வரையாகும். குருநாகல், புத்தளம் மாவட்டங்களில் நண்பகல் வெயிலில் கோழிகள் வாய் பிளந்து மூச்சு வாங்கி, தீவனம் குறைத்து, சிறிய முட்டையும் மெல்லிய ஓடுமாக இடும் காலங்களில், மலையிலுள்ள கோழிகள் சிரமமின்றி இட்டுக்கொண்டிருக்கும். குளிருக்காக அவை நாளொன்றுக்கு ஐந்து பத்து கிராம் தீவனம் கூடுதலாகத் தின்னும். கணக்குப் போடும்போது அதை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும்.

இனி விற்பனையைப் பார்ப்போம். உங்கள் உறவினரின் கணக்கில் விடுபட்டது இதுதான் என்று நினைக்கிறேன். 40 நாள் ஆன இறைச்சிக்கோழி காத்திருக்காது. அந்த வயதில் ஒரு கோழி நாளொன்றுக்கு 200 கிராம் அளவில் தின்னும்; ஐம்பது கோழிக்கு நாளொன்றுக்கு 10 கிலோ. தின்னும் தீவனத்துக்கு ஏற்ற எடை அதற்குப் பின்னர் ஏறாது. வயிற்றில் நீர் தேங்கும் ஆபத்தும் நாளுக்கு நாள் கூடும். வாங்க வருபவருக்கு இது நன்றாகத் தெரியும். நீங்கள் அவசரப்படுகிறீர்கள் என்பதை அறிந்தே அவர் விலை கேட்பார். தோட்டத்தில் இறைச்சி விற்கும் நாட்களும் குறைவு. வெள்ளிக்கிழமை பலர் மரக்கறி உணவுதான் உண்பார்கள். போயா தினத்தில் இறைச்சி விற்கக் கூடாது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்பனுக்கு மாலை போட்ட வீடுகள், தோட்டக் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய நாட்கள் என்று வேறும் உண்டு. நீங்களே அறுத்து விற்பதாக இருந்தால் பிரதேச சபையின் அனுமதியும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் மேற்பார்வையும் வேண்டும். உங்கள் கோழிகள் 40 நாளை எட்டும் வாரம் சம்பளத்துக்கு முந்திய வாரமாக இருந்துவிட்டால், யாரிடமும் கையில் காசு இருக்காது.

முட்டை அப்படியல்ல. மலையின் குளிர்ச்சியில் நல்ல ஓடுள்ள, கழுவாத முட்டை இரண்டு மூன்று வாரம் கெடாமல் இருக்கும். ஆனால், முட்டை வியாபாரத்துக்கும் தோட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. அதை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். முட்டையை நாளும் வாங்குவார்கள், பணத்தைச் சம்பளத்தன்றுதான் கொடுப்பார்கள். தீவனக் கடைக்காரர் கடன் கொடுக்கமாட்டார். ஐம்பது கோழிக்கு எட்டு நாளைக்கு ஒரு 50 கிலோ மூடை என்று தீவனம் தீரும். ஆகவே, கோழி வாங்கிக் கூடு கட்டிய பின்னர், குறைந்தது நான்கு மூடைத் தீவனத்துக்கான பணம் கையில் மீதமிருக்க வேண்டும். விடைக்கோழிகள் வந்தவுடன் இட ஆரம்பிக்கமாட்டா. 20 வாரம் அளவில் தொடங்கி, 26 முதல் 30 வாரத்துக்குள்தான் உச்சத்துக்கு வரும். அதுவரைக்கும் தின்பதற்கு இன்னும் இரண்டு மூன்று மூடைக்கான பணத்தையும் சேர்த்து ஒதுக்குங்கள். இந்தப் பணம் இல்லாவிட்டால் 50 கோழி வாங்க வேண்டாம், 30 வாங்குங்கள். முதல் மாதத்திலேயே தீவனத்தைக் குறைத்துக் கொடுக்கத் தொடங்கினால் முட்டை குறையும், முட்டை குறைந்தால் தீவனம் வாங்கப் பணம் இருக்காது. பின்னர் அதிலிருந்து மீள்வது மிகவும் கடினம்.

இலாபத்தை என்னிடம் ரூபாயில் கேட்டிருந்தீர்கள். தீவன விலையும் முட்டை விலையும் மாதத்துக்கு மாதம் மாறுவதால், கணக்குப் போடும் வழியைச் சொல்லித்தருகிறேன். விலையை நீங்கள் போட்டுப் பாருங்கள். மலையில் ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய 120 முதல் 125 கிராம் தின்னும். நல்ல காலத்தில் நூறு கோழிக்கு 85 முட்டை என்று வைத்துக்கொண்டு, சிந்துவதையும் சேர்த்தால், ஒரு முட்டைக்கு 150 கிராம் தீவனம் என்று வரும். அதாவது ஒரு 50 கிலோ மூடையிலிருந்து ஏறக்குறைய 330 முட்டை. 330 முட்டையை உங்கள் தோட்டத்தில் என்ன விலைக்கு விற்க முடியும் என்று பார்த்து, அதிலிருந்து மூடையின் விலையை, பொகவந்தலாவையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் முச்சக்கரவண்டிக் கூலியோடு சேர்த்துக் கழியுங்கள். அடுத்ததாக, விடைக்கோழி வாங்கிய விலையிலிருந்து, முட்டை ஓய்ந்த பின்னர் அதை விற்றால் கிடைக்கும் விலையைக் கழித்து, மீதியை, ஒரு கோழி முட்டை ஓயும்வரை இடும் முட்டைகளின் எண்ணிக்கையாக 280 என்று வைத்து வகுத்தால், ஒவ்வொரு முட்டையிலும் கோழியின் தேய்மானம் எவ்வளவு என்பது தெரியும். இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்; மறந்ததனால்தான் ஒன்றரை வருடம் இலாபம் பார்த்தவர்கள் புதிய கோழி வாங்கும்போது கையில் பணமில்லாமல் நிற்கிறார்கள். வருடத்தில் இரண்டு மூன்று கோழி இறப்பதையும், மழைக்காலத்தில் முட்டை குறைவதையும் எதிர்பார்த்து, விற்ற ஒவ்வொரு முட்டையிலும் தேய்மானத்துக்குரிய பணத்தைத் தனியாகப் போட்டு வாருங்கள்.

தொகையை ஐம்பதோடு நிறுத்தச் சொல்வதற்கு 2022, 2023ஆம் வருட அனுபவமும் காரணம். அந்நியச் செலாவணி நெருக்கடியில் தீவனத்துக்கான சோளமும் மற்றப் பொருட்களும் கிடைக்காமல் பல பண்ணையாளர்கள் கோழிகளை விற்றுக் கூடுகளை மூடினார்கள். முட்டைக்குத் தட்டுப்பாடு வந்து, 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை வந்தது. இறைச்சிக்கோழிக்காரரும் முட்டைக்கோழிக்காரரும் ஒரே தீவனச் சந்தையை நம்பியிருப்பதால், இரண்டில் எதைத் தெரிவு செய்தாலும் இந்த ஆபத்து உண்டு.

கூட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன்னர் காணியைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டுக் காணிக்கு வெளியே, தோட்ட நிலத்தில் ஒரு அடிகூட எடுப்பதாக இருந்தால், நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழி அனுமதி, தோட்டத்தை நிர்வகிக்கும் துரை மாறியதும் இல்லாமல் போய்விடும். நாற்றம் என்று அயல் வீட்டார் முறையிட்டால் சுகாதாரப் பரிசோதகர் வருவார். அவர் வந்த பின்னர் பேசுவதைவிடத் தொடங்குமுன் அயலாரோடு பேசுவது நல்லது.

முட்டைக்கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடி என்ற கணக்கில், பத்துக்குப் பத்து அடிக் கூடு ஐம்பது கோழிக்குப் போதும். மலையில் கூடு கட்டும்போது குளிரைவிட ஈரத்துக்கே அதிகம் அஞ்ச வேண்டும். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்றோடு வரும் மழை உங்கள் பகுதியில் சரிவாக அடிக்கும். அந்தத் திசைக்குக் கூரையை நன்றாக நீட்டி இறக்கி, பக்கத்துக்குச் சாக்குத் திரை தொங்கவிடுங்கள். நாலா பக்கமும் பொலித்தீனால் மூடிவிடாதீர்கள். அப்படி மூடிய கூட்டில் எச்சத்தின் காரம் கண்ணை எரிக்கும். உங்கள் கண் எரிந்தால், தரைக்கு அருகில் இரவும் பகலும் நிற்கும் கோழியின் நுரையீரல் அதைவிட அதிகமாக எரிகிறது என்று அறிந்துகொள்ளுங்கள். சளி, மூச்சிரைப்பு எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. தரையில் நான்கு அங்குலத்துக்கு மரச்சீவல் போட்டு, தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி நனைந்ததை அன்றாடம் அகற்றி, வாரத்தில் இரண்டு முறை கிளறிவிட்டால் தரை காய்ந்திருக்கும். ஈரத் தரையில்தான் இரத்தக்கழிச்சலும் குடற்புழுவும் பெருகும். கீழ்ப்பகுதி இரண்டு அடிக்கு நெருக்கமான கம்பி வலை அடித்து, அதன் கீழே கருங்கல் பதியுங்கள். கீரியும் மரநாயும் தோண்டிக்கொண்டு வரும். சிறுத்தை நடமாட்டம் உள்ள தோட்டமாக இருந்தால் கதவையும் கூரையையும் பலமாகச் செய்யுங்கள்.

கோழி நன்றாக முட்டையிடப் பகலும் செயற்கை வெளிச்சமும் சேர்த்து 16 மணிநேர வெளிச்சம் வேண்டும். நம் நாட்டில் பகல் ஏறக்குறைய 12 மணிநேரமே என்பதால், காலை 5 மணிக்கு ஒரு விளக்கைப் போட்டு, மாலையில் மறுபடியும் போட்டு இரவு 9 மணிக்கு அணையுங்கள், இதற்கு எல்.ஈ.டி. குமிழே போதும். 18 வாரத்துக்கு முன் இதைத் தொடங்க வேண்டாம். தொடங்கும்போதும் வாரத்துக்கு ஒரு மணிநேரமாகக் கூட்டிச் செல்லுங்கள். தொடங்கிய பின்னர் நேரத்தைக் குறைக்கவும் வேண்டாம். முட்டைத் தீவனத்தில் கல்சியம் நான்கு வீதத்துக்கு அருகில் இருக்கும், இறைச்சித் தீவனத்தில் ஒரு வீதமே இருக்கும். கடையில் முட்டைத் தீவனம் தீர்ந்துவிட்டது என்று மற்றதைக் கொடுத்தால் சில நாட்களிலேயே ஓடு மெலியும். ஐம்பது கோழிக்கு நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு லீற்றர் தண்ணீர் வேண்டும். பீலித் தண்ணீர் மழையில் கலங்கும் என்பதால் தெளியவைத்துக் குளோரின் கலந்து கொடுங்கள். தண்ணீரில் தடுப்பு மருந்து கொடுக்கும் நாளில் மட்டும் குளோரின் கூடாது, அது மருந்தையே அழித்துவிடும்.

விடைக்கோழி வாங்கும்போது தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். மாரெக், கம்போரோ, ராணிகெட், அம்மை ஆகிய நான்கு நோய்களுக்கும் தடுப்பூசி போடப்பட்ட திகதிகள் அதில் இருக்க வேண்டும். அட்டை இல்லாத கோழியை எவ்வளவு குறைந்த விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள். ராணிகெட் வந்துவிட்டால் குணப்படுத்த மருந்து இல்லை. மாமியார் வளர்க்கும் நாட்டுக்கோழிகள் லயத்தைச் சுற்றி மேய்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவை இந்தக் கூட்டுக்கு அருகில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அவற்றுக்கும் தடுப்பூசி போட ஏற்பாடு செய்யுங்கள். கோழி வாங்குமுன்னரே உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சென்று பதிந்துகொண்டால், தடுப்பூசிக்கும் நோய்க்கும் அவர்களை நாடலாம். எந்த மருந்து கொடுத்தாலும், எத்தனை நாள் முட்டையை விற்கக் கூடாது என்று கேட்டறிந்து அதன்படி நடக்க வேண்டும். உங்கள் முட்டையைச் சாப்பிடப்போவது உங்கள் லயத்துப் பிள்ளைகள்.

எச்சத்தை வீணாக்க வேண்டாம். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கத்து மரக்கறித் தோட்டக்காரர்கள் கோழி எருவைத் தாழ்நிலத்திலிருந்து லொறியில் வரவழைக்கிறார்கள். உங்களிடமுள்ளது சிறு அளவாக இருந்தாலும், மக்கவைத்துச் சாக்கில் கட்டி வைத்தால் கேட்டு வாங்குவார்கள். பச்சை எச்சத்தை ஓடையில் தள்ளாதீர்கள். கீழேயுள்ள லயங்களின் குடிதண்ணீர் அது.

முட்டைக்கோழி, இறைச்சிக்கோழி இரண்டையும் ஒரே கூட்டில் நடுவே தட்டி வைத்து வளர்க்கலாமா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. தீவனம் வேறு, வெளிச்சம் வேறு, வயது வேறு. வயது முதிர்ந்த கோழி நோயறிகுறி இல்லாமல் சுமக்கும் கிருமி, குஞ்சைக் கொன்றுவிடும். இறைச்சிக்கோழியையும் பழக வேண்டும் என்ற ஆசை இருந்தால், முட்டைக்கோழிகளோடு ஒரு வருடம் பழகிய பின்னர், முட்டைக் கூட்டிலிருந்து குஞ்சுகளை நோக்கிக் காற்று வீசாத பக்கத்தில், முட்டைக் கூட்டுக்கு எட்டத் தனியாக ஒரு சிறிய கூடு கட்டி, மார்ச் முதலாம் திகதியளவில் 25 குஞ்சுகள் மட்டும் இறக்குங்கள். உங்கள் பக்கத்தில் மழை குறைந்து, இரவுக் குளிரும் தணிந்திருக்கும் காலம் அது. ஆறு வாரத்தில் அவை சித்திரைப் புத்தாண்டுக்கு விற்பனைக்கு வந்துவிடும். வாங்குபவர்களிடம் முன்பணம் பெற்றுக்கொண்டு, எத்தனை கோழிக்குப் பணம் வந்ததோ அத்தனைக்கு மேல் இரண்டு மூன்று குஞ்சு மட்டும் கூடுதலாக எடுங்கள். காலையில் முதலில் குஞ்சுகளின் வேலையை முடித்து, செருப்பை மாற்றிக் கைகால் கழுவிய பின்னரே முட்டைக்கோழிகளிடம் செல்ல வேண்டும்; முட்டைக் கூட்டுக்குள் போய்விட்டு வந்த யாரும் அன்றைக்குக் குஞ்சுக் கூட்டுக்குள் நுழையக் கூடாது.